மலைப் பண்ணையிலிருந்து மிலான் வீட்டுச் சமையலறை வரை: தெற்கு டிரோல் பெண்கள் ஊரைவிட்டுப் போனது ஏன்?

இத்தாலிக்காக ஆடும் யானிக் சின்னர் 2025-இல் விம்பிள்டன் பட்டம் வென்றபோது, அவருடைய தாய்மொழி ஜெர்மன் என்ற தகவல் பலருக்குப் புதிராக இருந்தது. அவர் வளர்ந்த செக்ஸ்டன் என்னும் மலையூர், இத்தாலியின் வடகோடியில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டியுள்ள தெற்கு டிரோல் மாகாணத்தைச் சேர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் ஜெர்மன் மொழிப் பிரிவினர். 26 விழுக்காட்டினர் இத்தாலிய மொழிப் பிரிவினர். எஞ்சியோர் லதீன் என்னும் பழைய மலைமொழியைப் பேசுவோர்.

அந்த மாகாணம் இத்தாலிக்குள் வந்த அரசியல் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்ததனால் அங்கிருந்த உழவர் வீட்டுப் பெண்களின் வாழ்க்கை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. 1920-களிலிருந்து 1960-கள் வரை, ஜெர்மன் மட்டுமே வீட்டில் பேசி வளர்ந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மலைப் பண்ணைகளை விட்டு மிலான், ரோம், ஃப்ளோரன்ஸ், ஜெனோவா போன்ற நகரங்களுக்கு வீட்டுவேலை செய்யப் போனார்கள். இக்கட்டுரை அவர்களுள் ஒருவரின் தனி வரலாறு அன்று. அவர்கள் பலருக்கும் பொதுவாக அமைந்த பாதையை, அதை வகுத்த சட்டங்களோடு சேர்த்து விளக்குகிறது. வறுமை என்ற ஒரே சொல்லைக் கொண்டு இந்த இடப்பெயர்வை விளக்கிவிடுவது அப்பெண்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். வறுமை இருந்தது, ஆனால் அதே வறுமையில் பிறந்த அண்ணன் ஊரில் தங்க, தங்கை ரயில் ஏறினாள் என்றால், அவ்விருவரையும் வெவ்வேறு வழிகளில் செலுத்திய விதிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லை எப்படி மாறியது

முதல் உலகப் போர் முடியும்வரை டிரோல் முழுவதும் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் பகுதி. 1915 ஏப்ரலில் லண்டனில் கையெழுத்தான இரகசிய உடன்படிக்கையில், போரில் தங்கள் பக்கம் சேர்ந்தால் பிரென்னர் கணவாய் வரையுள்ள நிலத்தைத் தருவதாக நேச நாடுகள் இத்தாலிக்கு வாக்களித்தன. 1919 செப்டம்பரில் ஆஸ்திரியாவுடன் செய்யப்பட்ட சாங்-ஜெர்மேன் சமாதான ஒப்பந்தம் அந்த வாக்கை நிறைவேற்றியது. 1920 அக்டோபரில் தெற்கு டிரோல் முறைப்படி இத்தாலியோடு இணைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களுள் இத்தாலிய மொழி பேசியோர் அப்போது மிகச் சிறிய பகுதியினரே. யாரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை.

பண்ணை யாருக்கு, பாக்கி யாருக்கு

மகள் ஏன் வெளியேறினாள் என்பதற்கான முதல் விடை, இத்தாலி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மண்ணில் வேரூன்றியிருந்த ஒரு சொத்துரிமை முறையில் இருக்கிறது. அதன் ஜெர்மன் பெயர் ‘கெஷ்லோசனர் ஹோஃப்’. ‘மூடிய பண்ணை’ என்று பொருள். மரியா தெரேசா பேரரசியின் 1770-ஆம் ஆண்டு ஆணை பண்ணைகளைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்தியது; டிரோலின் 1900-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக வகுத்தது. அது இயங்கும் முறை இது:

1. வீடு, தொழுவம், வயல், மேய்ச்சல் நிலம், காடு ஆகிய அனைத்தும் பிரிக்க முடியாத ஒரே சொத்தாகப் பதிவு செய்யப்படும். உரிய அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் ஒரு துண்டைக்கூடத் தனியே விற்க முடியாது.

2. உரிமையாளர் இறந்தால் பண்ணை முழுவதும் ஒரே வாரிசுக்குப் போகும். சம நிலையிலுள்ள வாரிசுகளில் பெண்ணைவிட ஆணுக்கே முன்னுரிமை.

3. மற்றப் பிள்ளைகளுக்குப் பணமாக ஈடு உண்டு. அந்த ஈடு நிலத்தின் சந்தை விலையைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. பண்ணை தரும் விளைச்சல் வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படும். செங்குத்தான மலைச்சரிவில் விளைச்சல் எவ்வளவு இருக்கும் என்பதை நினைத்தால் அந்தத் தொகையின் அளவும் விளங்கிவிடும்.

4. ஈட்டைப் பெற்றோ பெறாமலோ ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ‘விலகும் வாரிசுகள்’ என்றே பெயர்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு மட்டுமே சோறு போடக்கூடிய நிலத்தை ஆறாகப் பிரித்தால் ஆறு குடும்பங்களும் பட்டினி கிடக்கும். மேற்கே வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் பங்கு பிரிக்கும் வழக்கம் நிலவியது; நிலம் துண்டு துண்டாகிப் பிழைப்பு இல்லாமற்போன அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, சிறுவரும் சிறுமியரும் வசந்தம்தோறும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, தென்ஜெர்மனியின் ரேவன்ஸ்பர்க் பகுதிப் பண்ணைகளுக்கு மாடு மேய்க்கக் கூலிக்கு அனுப்பப்பட்டனர். ‘ஸ்வாபியக் குழந்தைகள்’ என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஆகவே மூடிய பண்ணை ஊரைக் காப்பாற்றியது உண்மை. காப்பாற்றியதற்கான விலையை மகள்களும் இளைய மகன்களும் கொடுத்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

விலகும் வாரிசான பெண்ணுக்கு ஊரில் சில வழிகளே இருந்தன. பண்ணை உள்ள ஒருவனைத் திருமணம் செய்துகொண்டு ‘பாய்ரின்’, அதாவது பண்ணைத் தலைவி, ஆகலாம். கன்னியர் மடத்தில் சேரலாம். அண்ணன் பண்ணையிலேயே கூலியில்லாமல் உழைத்து முதுமையடையலாம். இல்லையென்றால் இன்னொருவர் பண்ணையில் ‘மாக்ட்’ என்னும் வேலைக்காரியாகச் சேரலாம். பண்ணைப் பணியாட்களின் ஆண்டு, பிப்ரவரி 2-ஆம் நாள் வரும் மெழுகுதிரித் திருநாளோடு முடிந்து தொடங்கும். ஆண்டுக் கூலி அன்றுதான் கைக்கு வரும், வேலை மாற நினைப்பவர்கள் தம் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்கு நடப்பார்கள். டிரோல் மக்கள் பணிப்பெண்களின் காவலராக வணங்கும் புனித நோட்புர்காவும் ஒரு பண்ணை வேலைக்காரிதான். மாலை மணி அடித்த பிறகும் அறுவடை செய்யச் சொன்ன எசமானிடம், நியாயம் என் பக்கம் என்று அரிவாளை வானில் எறிந்தார், அது அந்தரத்திலேயே நின்றது என்பது அவரைப் பற்றிய கதை. ஓய்வு நேரத்தைக் கேட்டுப் பெறுவதற்கு ஓர் அற்புதம் தேவைப்பட்ட உலகம் அது.

அப்பண்ணைகளின் அன்றாட வாழ்வையும் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் கணப்பு உள்ள அறை ‘ஸ்டூபெ’ என்னும் பலகைச் சுவர்க்கூடம் ஒன்றே. படுக்கும் அறைகளில் சூடு கிடையாது. கோதுமை போன்ற தானியமான ரையில் செய்த கருநிற ரொட்டியை ஆண்டுக்குச் சில முறை மட்டுமே சுட்டு, காயவைத்து, மாதக்கணக்கில் வைத்து உண்பார்கள். வண்டி ஏறாத சரிவுகளில் உலர்ந்த புல்லை முதுகில் சுமந்து இறக்க வேண்டும். இந்த வேலைகளில் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1922-க்குப் பின் அடைபட்ட கதவுகள்

முசோலினி 1922-இல் ஆட்சிக்கு வந்ததும் தெற்கு டிரோலை இத்தாலிய மயமாக்கும் திட்டம் தொடங்கியது. 1923 ஜூலையில் எத்தோரே தொலொமெய் என்ற இத்தாலிய தேசியவாதி, மாகாணத் தலைநகரான பொல்சானோவின் நகர அரங்கில் 32 அம்சங்கள் கொண்ட ஒரு திட்டத்தை அறிவித்தார். ஊர்ப்பெயர்கள் இத்தாலிய மொழிக்கு மாற்றப்பட்டன. டிரோல் என்ற சொல்லே தடைசெய்யப்பட்டது. அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இத்தாலிய மொழி மட்டும் என்றானது. அதே ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளிகளில் ஜெர்மனை வகுப்பு வகுப்பாக அகற்றியது. ஒளிந்து நடத்தப்பட்ட ஜெர்மன் வகுப்புகளை, ஆதிக் கிறித்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளை நினைவுபடுத்தும் வகையில், ‘கட்டகோம்பு பள்ளிகள்’ என்று அழைத்தனர். அவற்றில் கற்பித்தவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுள் ஒருவரான அங்கேலா நிகொலெட்டி சிறை சென்று, 1930-இல், 25 வயதில் காசநோயால் இறந்தார்.

உழவர் வீட்டு மகளுக்கு இதனால் நேர்ந்த விளைவுகளைத் தனித்தனியே பார்க்கலாம்.

1. ஆசிரியை, தபால் அலுவலகப் பணியாளர், எழுத்தர் என ஊர்ப் பெண்கள் எட்டிப் பிடிக்கக்கூடியவையாக இருந்த சில வேலைகள் இத்தாலியரிடம் போயின. 1930-களின் நடுப்பகுதியில் பொல்சானோவில் உருவான தொழிற்பேட்டையும் வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தொழிலாளர்களுக்காகவே எழுப்பப்பட்டது.

2. 1923-க்குப் பிறகு பள்ளி சென்ற தலைமுறை ஜெர்மனை எழுதக் கற்கவில்லை. புரியாத மொழியில் நடந்த பாடங்களால் இத்தாலியமும் சரியாக வரவில்லை. இரு மொழிகளிலும் அரைகுறை எழுத்தறிவோடு நின்ற தலைமுறை அது.

3. 1926-இல் முசோலினி, அப்போதைய இத்தாலிய நாணயமான லிராவின் மதிப்பை உயர்த்தும் கொள்கையை அறிவித்தார். விளைபொருள் விலைகள் சரிந்தன. லிரா மலிவாக இருந்தபோது வாங்கிய கடன்கள் மட்டும் அதே எண்ணில் நின்றன. கடனில் மூழ்கிய பண்ணைக்கு மாதச் சம்பளம் அனுப்பும் ஒரு மகள் தேவைப்பட்டாள்.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. 1929-இல் இத்தாலியச் சட்டத் தொகுப்பு அம்மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, மூடிய பண்ணைச் சட்டம் நீங்கியது. இத்தாலியின் 1865-ஆம் ஆண்டுக் குடியியல் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமமான வாரிசுரிமை அளித்தது. அதாவது, மொழியைப் பறித்த அதே அரசு, ஏட்டளவில், பெண்ணுக்குப் பங்கைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பங்கைக் கேட்பது பண்ணையை உடைப்பதாகும். பண்ணையை உடைப்பது, ரோம் அரசு விரும்பியதைச் செய்வதாகும் என்று சமூகம் புரிந்துகொண்டது. பெரும்பாலான குடும்பங்கள் சட்டம் போன பிறகும் பழைய வழக்கத்தையே தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டு காத்தன. இன ஒடுக்குமுறைக்கு எதிரான நியாயமான பற்றுணர்வு, பெண் தன் பங்கைக் கேட்கும் வாயை அடைத்தது. இந்த ஒரு முடிச்சைப் புரிந்துகொள்ளாமல் அவள் ஏன் சத்தமின்றிப் புறப்பட்டாள் என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

நகரத்து வீட்டுக்குள்

வசதி படைத்த இத்தாலியக் குடும்பங்கள் இப்பெண்களை விரும்பி வேலைக்கு அமர்த்தின. சுத்தம், நேர்மை, கடும் உழைப்பு ஆகியவற்றுக்கு அவர்கள் பெயர் பெற்றிருந்தார்கள். இன்னொரு காரணமும் இருந்தது: வீட்டுக் குழந்தைகள் அவர்களிடமிருந்து ஜெர்மன் கற்றுக்கொள்ளலாம். பிறந்த பள்ளத்தாக்கில் ஒரு பெண் நான்கு குழந்தைகளைக் கூட்டி ஜெர்மன் எழுத்துகளைச் சொல்லித் தந்தால் காவலர் கதவைத் தட்டுவார். ரோமிலோ மிலானிலோ ஒரு செல்வர் வீட்டில் அதே மொழியைப் பேசுவது அவளுடைய தகுதியாக மதிக்கப்பட்டது. மொழி அங்கே யாருடைய பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே குற்றத்தையும் தகுதியையும் பிரித்தது.

அதற்கு முன்பு பலர் ரயிலையே பார்த்ததில்லை. வேலை பெரும்பாலும், ஏற்கனவே நகரத்தில் இருந்த அக்காள், பக்கத்துப் பண்ணைப் பெண், ஊர்த் தேவாலயத்தின் பங்குத் தந்தை ஆகியோரின் வழியே கிடைத்தது. தனியே பயணம் செய்யும் இளம்பெண்களைப் பாதுகாக்க 1897-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூரில் தொடங்கப்பட்ட கத்தோலிக்கச் சங்கம், நகரங்களில் தங்குமிடங்களையும் ரயில் நிலைய உதவி மையங்களையும் நடத்தியது. திருச்சபையின் அக்கறையில் பரிவும் இருந்தது, அச்சமும் இருந்தது: பெண்கள் ஏமாற்றப்படுவார்கள் என்ற அச்சம் ஒன்று, இத்தாலியனை மணந்து ஊருக்கும் மொழிக்கும் அந்நியமாகிவிடுவார்கள் என்ற அச்சம் மற்றொன்று.

வேலை செய்யும் வீட்டிலேயே தங்குவதால் வாடகை இல்லை. அதே காரணத்தால் வேலை நேரத்துக்கு எல்லையும் இல்லை. அதிகாலையில் அடுப்பு, பிறகு தரை, துணி, குழந்தைகள், விருந்தினர், இரவுப் பாத்திரங்கள் என நாள் நீண்டது. எசமானி ‘நீ’ என்று விளிக்க, அவள் மரியாதைச் சொல்லில் பதில் சொன்னாள். உச்சரிக்க வராத ஜெர்மன் பெயருக்குப் பதிலாக ஓர் இத்தாலியப் பெயரால் அழைக்கப்படுவதும் உண்டு. ரையும் கொழுக்கட்டையும் புகையூட்டிய பன்றி இறைச்சியும் பழகிய நாக்கு, ஆலிவ் எண்ணெய்க்கும் கடல் மீனுக்கும் பழக வேண்டியிருந்தது.

ஆனால் இதைத் துயரக் கதையாக மட்டும் எழுதுவது பொய்யாகும். வாழ்நாளில் முதல் முறையாக அவளுடைய உழைப்புக்கு, அண்ணனுடைய பண்ணையில் கிடைக்காத ஒன்று, மாதந்தோறும் எண்ணிக் கையில் தரப்படும் பணம், கிடைத்தது. அதில் பெரும்பகுதி வீட்டுக்குப் போயிருக்கலாம். எவ்வளவு அனுப்புவது என்று முடிவெடுத்தவள் அவளே. தன்னைப்போல் வந்த பெண்களோடு செலவிட்ட ஞாயிறு பிற்பகல்களும், கற்றுக்கொண்ட ஒரு முழு மொழியும், கேள்வி கேட்பார் இல்லாமல் ஒரு நகரத் தெருவில் நடக்கும் பழக்கமும் அவளுக்குச் சேர்ந்தன. ஊர் திரும்பியபோது, அவள் நடையும் உடையும் நகரத்துக்காரியாகிவிட்டன என்று முணுமுணுத்தவர்கள், அவள் அனுப்பிய பணத்தால் வட்டி அடைந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

1939: கையெழுத்து யாருடையது

1939 ஜூனில் ஹிட்லரின் அரசும் முசோலினியின் அரசும் பெர்லினில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. தெற்கு டிரோலின் ஜெர்மன் பேசும் மக்கள், ஜெர்மன் குடியுரிமை ஏற்று நாட்டைவிட்டுப் போக வேண்டும். அல்லது இத்தாலியக் குடிமக்களாகவே, தங்கள் மொழிக்கு எந்த உறுதியும் இல்லாமல், இருந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு ‘ஓப்ஷன்’, அதாவது தெரிவு, என்று பெயர். ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் போவதாக எழுதிக் கொடுத்தனர். உண்மையில் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர்.

மனைவிக்குத் தனியாகத் தெரிவு செய்யும் உரிமை கிடையாது. கணவனின் கையெழுத்தே அவளையும் வயதுவராத பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டியது. பண்ணையைத் தோளில் சுமந்த தலைவிக்கு இல்லாத அந்த உரிமை, வயதுவந்த, மணமாகாத வேலைக்காரிக்கு இருந்தது. பண்ணை உரிமையாளர்களின் சொத்தை மதிப்பிட்டு முடிக்கக் காலம் பிடித்ததால் அவர்கள் காத்திருந்தனர். மதிப்பிட எதுவும் இல்லாத கூலிக்காரர்களும் பணியாட்களும் முதலில் போனார்கள். விலகும் வாரிசுகள் இப்போது நாட்டைவிட்டே விலகினார்கள். போனவர்களுக்காக இன்ஸ்ப்ரூக் முதலிய ஆஸ்திரிய நகரங்களில் கட்டப்பட்ட ‘தெற்கு டிரோல் குடியிருப்புகள்’ பலவற்றை இன்றும் காணலாம். தொழுவமும் தோட்டமும் பழகிய பெண்கள் அங்கே அடுக்குமாடி வீட்டுக்காரர்களானார்கள். போருக்குப் பின், 1948-இல் இத்தாலி பிறப்பித்த ஆணையால் குடியுரிமையை மீட்டு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தனர்.

வீட்டுவேலைக்குச் சட்டம் வந்தது

போருக்குப் பின்பும் பண்ணைகளில் வேலை போதவில்லை; பெண்கள் மீண்டும் நகரம் போனார்கள். இத்தாலியின் 1942-ஆம் ஆண்டுக் குடியியல் சட்டம் வீட்டுவேலைக்குக் கூட்டு ஒப்பந்தம் செய்வதையே விலக்கியிருந்தது. 1958-ஆம் ஆண்டின் 339-ஆம் எண் சட்டம்தான் முதன்முதலில் இரவில் தொடர்ந்து எட்டு மணி நேர ஓய்வையும், வாரத்தில் ஒரு முழு நாள் அல்லது இரு அரை நாள் விடுப்பையும் உரிமையாக்கியது. 1969-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கூட்டு ஒப்பந்தத் தடையை நீக்கியது. 1974-இல் முதல் தேசிய ஒப்பந்தம் உருவானது. சிசிலியின் பலெர்மோவில் வீட்டுவேலை செய்யும் ஈழத்தமிழர்கள் இன்று எந்தச் சட்டத்தின்கீழ் ஓய்வு நாள் கேட்கிறார்களோ, அதன் தொடக்கம் இங்கேதான். ஆனால் மலைப்பண்ணைப் பெண்களுக்கு அது தாமதமாக வந்தது: 1960-களில் சுற்றுலா வளர்ந்து, விடுதி வேலைகள் அவர்களின் பள்ளத்தாக்குகளுக்கே வந்துவிட்டதால், நகரத்துக்குப் போகும் பழக்கம் ஓய்ந்துகொண்டிருந்தது.

மொழி திரும்பியது, பங்கு எப்போது திரும்பியது

மொழிக் கணக்கு முதலில் தீர்ந்தது. 1946 செப்டம்பரில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் செய்துகொண்ட ஒப்பந்தம் தாய்மொழிக் கல்விக்கு உறுதி அளித்தது. 1972-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் தன்னாட்சிச் சட்டம் மாகாணத்துக்கு விரிந்த அதிகாரம் தந்தது. 1976-ஆம் ஆண்டு ஆணை அரசுப் பணிக்கு இரு மொழியறிவையும் கட்டாயமாக்கியது. சமையலறையில் கற்ற இத்தாலியத்தை ஏளனமாகப் பார்த்த ஊரில், அந்த இரண்டாவது மொழி அரசு வேலைக்கான நிபந்தனையாயிற்று.

பெண்ணின் கணக்கு அவ்வளவு விரைவில் தீரவில்லை. முதல் தன்னாட்சிச் சட்டத்தால் ஓரளவு அதிகாரம் பெற்றிருந்த மாகாணம் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, 1954-இல் மூடிய பண்ணைச் சட்டத்தை மீட்டது. ஆணுக்கான முன்னுரிமையும் அதனோடு திரும்பி வந்தது. 1975-இல் இத்தாலியின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம், குடும்பத் தொழிலில் மனைவியும் மகளும் தரும் உழைப்புக்கு முதன்முறையாகச் சட்ட மதிப்பைக் கொடுத்தது. 1981-இல் பண்ணைப் பெண்கள் தங்களுக்கென மாகாண அமைப்பொன்றைத் தொடங்கினர். ஆண் முன்னுரிமை மாகாணச் சட்டத்திலிருந்து 2001-இல்தான் நீங்கியது.

அதற்கு முன்பே பெற்றோர் இறந்திருந்தால், பழைய விதியே பொருந்தும் என்ற நிலை அதன் பிறகும் நீடித்தது. அப்படிப்பட்ட ஒரு வழக்கில், 2017-இல், இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தன் 193-ஆம் எண் தீர்ப்பில், ஒரே நிலையிலுள்ள வாரிசுகளில் ஆணை முற்படுத்திய அந்தப் பழைய விதியும் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. 1920-களில் மெழுகுதிரித் திருநாளன்று மூட்டை கட்டிக்கொண்டு மிலானுக்கு ரயில் ஏறிய பெண்களுள் அநேகமாக எவரும் அப்போது உயிரோடு இருந்திருக்க வழியில்லை.